உலோகம் என்ற சொல்லுக்கு வந்த சோதனை

பழந்தமிழில் உலோகம் அனைத்துக்கும் பொன் என்றுதான் பெயர். இரும்பு கரும்பொன், வெள்ளி வெண்பொன். சிலை வார்க்கும் ஸ்தபதிகள் இன்றைக்கும் ஐம்பொன் என்கிறார்கள். தங்கம் அந்த ஐந்தில் ஒன்று, அவ்வளவே. பிறகு வடமொழி லோஹம் வந்தது. லகரத்தில் சொல் தொடங்காது என்ற தமிழ் மரபுக்குப் பணிந்து முன்னால் ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொண்டு உலோகம் ஆனது. பொதுப்பொருளை அதனிடம் கொடுத்துவிட்டுப் பொன் தங்கத்தோடு ஒதுங்கியது.

அந்த லோஹமும் பிறக்கும்போது பொதுச்சொல் இல்லை. சிவப்பு என்பது அதன் பழைய பொருள், சிவந்திருப்பதால் செம்பு. இரும்பைக் குறித்ததும், எல்லா உலோகங்களையும் குறித்ததும் பின்னால் நடந்தவை. ஐரோப்பிய மொழிகளின் மெட்டல் கிரேக்க மெட்டலானிலிருந்து வந்தது. அங்கே அதற்குப் பொருள் சுரங்கம். ஒரு மொழி நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்தது, இன்னொன்று தோண்டிய இடத்தைப் பார்த்து. பொருளின் உள்ளே என்ன நடக்கிறது என்று எவரும் கேட்கவில்லை. (இன்றைய வானியலாளர்கள் ஹைட்ரஜனும் ஹீலியமும் தவிர மற்ற எல்லாவற்றையும் உலோகம் என்கிறார்கள், ஆக்சிஜன் உட்பட. அவர்களை இங்கே இழுக்க வேண்டாம்.)

உள்ளே பார்த்து இலக்கணம் எழுதிய முதல் ஆள் என்று ஜெர்மானியர் பால் ட்ரூட்டைச் சொல்லலாம். 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தார். மூன்றே ஆண்டுகளில், 1900இல், உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் வாயு போலச் சுற்றித் திரிகின்றன, அவை அணுக்களில் மோதுவதுதான் மின்தடை என்று ட்ரூட் எழுதினார். பளபளப்பும் அடித்தால் தகடாகும் குணமும் அன்றோடு இரண்டாம் இடத்துக்குப் போயின. வெப்பநிலை குறையும்போது மின்தடையும் குறைந்தால் அது உலோகம். கூடினால் காப்பானோ குறைகடத்தியோ. இயற்பியலார் இன்றும் முதலில் வைக்கும் சோதனை இதுதான்.

1911இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் காமர்லிங் ஓனஸின் ஆய்வகத்தில் பாதரசத்தைக் குளிர்வித்தபோது 4.2 கெல்வினில் மின்தடை அடியோடு மறைந்தது. மீக்கடத்தல் என்ற சொல் அங்கே தொடங்குகிறது. அது தனிக்கதை.

நமக்கு வேண்டியவர் லெவ் லாண்டாவு. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று கடுமையாக விலக்குபவை. அப்படியிருக்க, அவற்றைத் தனித்தனி ஆட்களாக எண்ணும் ட்ரூட்டின் கணக்கு எப்படிச் சரியாக வருகிறது? 1956இல் லாண்டாவு சொன்ன பதில்: ஓடுவது வெறும் எலக்ட்ரான் அல்ல, தன்னைச் சுற்றியுள்ள கலக்கத்தையும் போர்த்துக்கொண்டு ஓர் ஆளாகவே நடந்துகொள்ளும் போலித்துகள். ஒரே குவாண்டம் நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் ஒருங்கே இருக்கக்கூடாது என்ற பௌலி விதி, தாழ்ந்த வெப்பநிலையில் இந்தப் போலித்துகள்கள் மோதிக்கொள்ளும் வாய்ப்பை வெகுவாகக் குறைத்துவிடுகிறது. இவை தமக்குள் மோதுவதால் எழும் மின்தடை வெப்பநிலையின் இருமடிக்கு ஏற்ப ஏறும். உலோகத்துக்குக் கிடைத்த இரண்டாவது இலக்கணம் இது, பெயர் ஃபெர்மி திரவம். முப்பது ஆண்டுகள் பெரிய குறையில்லாமல் செல்லுபடியானது.

1986இல் ஸ்விட்சர்லாந்தின் ரூஷ்லிகானில் உள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் பெட்னார்ட்ஸும் முல்லரும் லாந்தனம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் கலந்த ஒரு பொருளில் 30 கெல்வினை ஒட்டி மீக்கடத்தலைக் கண்டார்கள். மறு ஆண்டே நோபல் பரிசு. 1987 தொடக்கத்தில் வூவும் சூவும் லாந்தனத்துக்குப் பதில் இட்ரியத்தை வைத்து 93 கெல்வினைத் தொட்டார்கள். திரவ நைட்ரஜன் கொதிப்பது 77 கெல்வினில். ஆகவே விலை மிகுந்த ஹீலியத்தின் தயவு தேவைப்படவில்லை.

இந்தப் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் உலோகம் என்று சொல்லத் தயங்குவார்கள். இட்ரியம் ஆக்சைடு, பேரியம் கார்பனேட், செம்பு ஆக்சைடு ஆகிய மூன்று பொடிகளைக் கல்வத்தில் இட்டு நன்றாக அரைத்து, வில்லையாக அழுத்தி, 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் உலையில் சுட்டு, ஆக்சிஜன் பாய்ச்சியபடி மெல்ல ஆறவிட வேண்டும். விகிதம் பிசகினால் பச்சை வில்லை கிடைக்கும். அது வெறும் காப்பான். சரியாக வந்தால் கறுப்பு. வூ–சூ குழுவின் முதல் மாதிரியே பச்சையும் கறுப்பும் கலந்துதான் இருந்தது. கறுப்பு வில்லை கீழே விழுந்தால் ஓடு உடைவதுபோல் உடையும். சிவப்பான செம்புக்காகப் பிறந்த லோஹம் என்ற சொல்லின் இலக்கணத்தை, அதே செம்பு ஆக்சிஜனோடு கூடிக் கறுத்து நின்று குலைக்கப்போகிறது என்று அன்று யார் கண்டது?

உலகமே 93 கெல்வினுக்குக் கீழே நடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பெல் ஆய்வகத்தின் குர்விட்சும் ஃபியோரியும் எதிர்த்திசையில் போனார்கள், சூடாக்கினார்கள். மீக்கடத்தல் தொடங்குமுன் உள்ள நிலைக்கு இயல்பு நிலை என்பது வழக்கமான பெயர். 1987இல் அவர்கள் வெளியிட்ட அளவீடு அந்தப் பெயரைக் கேலி செய்தது. லாந்தனம்–ஸ்ட்ரான்ஷியம் வகையில் 1100 கெல்வின் வரை, அதாவது பொருள் செந்தணலாகும் சூடு வரை, மின்தடை நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போனது. வரைபடத்தில் அடிக்கோலை வைத்துப் பார்க்கலாம்.

நேர்கோட்டில் என்ன விந்தை? செம்புக்கம்பியிலும் அறை வெப்பநிலையில் மின்தடை நேர்கோட்டில்தானே ஏறுகிறது? ஏறுகிறது, ஆனால் அங்கே கோட்டுக்கு இரண்டு முனை உண்டு. செம்பில் எலக்ட்ரானைத் தடுப்பது அணுக்களின் அதிர்வு. குளிர்வித்தால் அதிர்வு வெகுவேகமாக அடங்கிக் கோடு வளைந்து, வெப்பநிலையின் ஐந்தாம் அடுக்கில் கீழே சரிகிறது. மேல்முனையிலும் ஒரு கட்டுப்பாடு இருக்க வேண்டும். இரண்டு மோதல்களுக்கு இடையே எலக்ட்ரான் கடக்கும் தொலைவு ஓர் அணு இடைவெளியைவிடக் குறைந்தால், ஓடுகிறது என்று சொல்வதற்கே பொருளில்லை. மின்தடை மிகுந்த பல உலோகங்களில் அந்த எல்லை நெருங்கியதும் கோடு படுத்துவிடும்.

செம்பு ஆக்சைடுகளில் இரண்டு முனையும் இல்லை. மேலே படுக்கவில்லை. கீழே வளைகிறதா என்று பார்க்க மீக்கடத்தல் இடையில் வந்து மறைத்துவிடுகிறது. அதற்கும் வழி கிடைத்தது. பிஸ்மத் கலந்த ஒரு வகை 7 கெல்வின் வாக்கில்தான் மீக்கடத்தியாகும். 1990இல் மார்ட்டின், ஃபியோரி முதலானோர் அதை அளந்தபோது 7 முதல் 700 கெல்வின் வரை ஒரே கோடு. அணு அதிர்வுகள் அடங்கிப்போன குளிரிலும் அதே சாய்வு என்றால், தடுப்பது அதிர்வு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இருமடி விதியும் அருகில் இல்லை. போலித்துகள் இருக்கிறதா என்பதே கேள்வியாகிவிட்டது.

இயல்பு நிலை என்ற பெயர் இதற்குமேல் தாங்கவில்லை. 1989இல் வர்மாவும் கூட்டாளிகளும் விளிம்புநிலை ஃபெர்மி திரவம் என்று பெயர் வைத்தார்கள். லாண்டாவுவின் இலக்கணம் முறிந்தும் முறியாமலும் தொங்குகிறது என்பது அதன் கருத்து. 1995இல் எமரியும் கிவெல்சனும் மேல்முனையில் எல்லை மீறுபவற்றைக் கெட்ட உலோகம் என்றார்கள். நிலைத்த பெயர் ஸ்ட்ரேஞ்ச் மெட்டல், விந்தை உலோகம். பிரின்ஸ்டனின் பிலிப் ஆண்டர்சன் விடாமல் கையாண்ட சொல் இது. 2006இல் ஒரு கட்டுரைத் தலைப்பிலேயே, மேற்கோள் குறிகளுக்குள், வைத்தார். அந்தக் குறிகளை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பெயர் தற்காலிகம், விளக்கம் கிடைத்ததும் கழற்றிவிடலாம் என்ற நினைப்பு அதில் தெரிகிறது.

ஆண்டர்சனின் பெயர் வரும் இடத்தில் ஜி. பாஸ்கரனின் பெயரும் வரும். சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த அவர், 1987இல் ஆண்டர்சனோடும் ஸௌவோடும் சேர்ந்து எழுதிய கட்டுரை, செம்பு ஆக்சைடுகளை விளக்கும் முதல் முயற்சிகளில் ஒன்று. மாசு சேர்க்காத செம்பு ஆக்சைடு, கணக்குப்படி உலோகமாக இருக்க வேண்டியது, எலக்ட்ரான்களின் பரஸ்பர விலக்கலால் காப்பானாக உறைந்து கிடக்கிறது. அந்த உறைந்த காப்பானிலிருந்தே கதையைத் தொடங்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அந்தத் தொடக்கப்புள்ளியைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். அங்கிருந்து போகும் வழியில்தான் சண்டை.

ஸ்ட்ரேஞ்ச் என்ற சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் வெளியாள், அயலான் என்று பொருள். தமிழில் விசித்திரம், விநோதம், விந்தை எல்லாம் புழங்குகின்றன. விநோதம் வடமொழியில் பொழுதுபோக்கு. அதை வைத்தால் இந்த ஆய்வில் ஆயுளைக் கழித்தவர்கள் வருத்தப்படக்கூடும். விந்தை இருக்கட்டும்.

2004இல் மறுபடி லெய்டன். அங்கிருந்து யான் ஸானன் நேச்சர் இதழில் எழுதிய குறிப்பில் பிளாங்க்கிய இழப்பு என்ற தொடர் வருகிறது. ட்ரூட் எழுதிய அதே 1900இல் மாக்ஸ் பிளாங்க் கொண்டுவந்த மாறிலியை 2π-ஆல் வகுத்து, அதை மேலும் வெப்ப ஆற்றலால் வகுத்தால் ஒரு காலஅளவு கிடைக்கும். அறை வெப்பநிலையில் அது ஒரு விநாடியை 40 லட்சம் கோடியாகப் பிரித்ததில் ஒரு பங்கு. விந்தை உலோகத்தில் எலக்ட்ரான்கள் தம் ஓட்டத்தை மறக்கும் நேரம் ஏறத்தாழ இதுவே. பொருளின் பெயர், அணுக்களின் எடை எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. இயற்கை அனுமதிக்கும் உச்ச வேகத்தில் ஒழுங்கு குலைகிறது என்று இதைப் படிப்பவர்கள் உண்டு.

இங்கே சற்று நிதானம் வேண்டும். 2013இல் ப்ரூயின், மெக்கென்ஸி குழு பல பொருள்களை ஒரே படத்தில் வைத்துக் காட்டியபோது, சாதாரண செம்பும் தங்கமும்கூட அறை வெப்பநிலையில் அந்த அளவுக்கு அருகில்தான் நின்றன. அவற்றில் அதிர்வு தடுக்கிறது என்று நமக்கு நன்றாகத் தெரியும். ஆகவே பிளாங்க்கியம் என்பது ஒரு வேகத்தின் பெயர். காரணத்தின் பெயராக அதை எழுதுபவர்கள் அவசரப்படுகிறார்கள்.

போலித்துகள் இருக்கிறதா என்று நேராகக் கேட்க ஒரு பழைய கருவி உதவியது. 1918இல் ஷாட்கி, மின்னோட்டம் எலக்ட்ரான் எலக்ட்ரானாக வந்து விழுவதால் ஓர் இரைச்சல் எழும் என்று காட்டி அதற்கு ஷ்ரோட் விளைவு என்று பெயரிட்டார். ஜெர்மனில் ஷ்ரோட் என்றால் துப்பாக்கி ரவை. உடைத்த தானியமும் அதுவே. தமிழில் ரவை என்ற ஒரே சொல் இரண்டையும் குறிக்கிறது, மொழிபெயர்ப்பாளருக்கு இப்படி அதிர்ஷ்டம் அடிக்கடி வாய்ப்பதில்லை. தகரக் கூரையில் மழை சொட்டுச் சொட்டாக விழுந்தால் சடசடக்கும், நீர் ஒரே விரிப்பாக வழிந்தால் சடசடப்பு அடங்கும்; அதுபோல, ரவை இரைச்சல் குறைந்தால் ஓடுவது தனித்தனி மணிகள் அல்ல என்று பொருள். 2023இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நடேல்சன் குழுவினர் இட்டெர்பியம், ரோடியம், சிலிக்கன் கலந்த விந்தை உலோகத்தை நானோ கம்பியாகச் செதுக்கி அளந்தார்கள். சாதாரண உலோகத்தில் எதிர்பார்ப்பதைவிட இரைச்சல் மிகவும் தாழ்ந்திருந்தது. லாண்டாவுவின் மணிகள் அங்கே உருக்குலைந்துவிட்டன என்பதற்கு இதைவிட நேரான சான்று அதற்குமுன் கிடைத்ததாகத் தெரியவில்லை. அந்தப் பொருளில் செம்பும் இல்லை, ஆக்சிஜனும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே குடும்பத்துக்கு வைத்த பெயர், 2020இல் திருகி அடுக்கிய கிராஃபீன் தாள்களுக்கும் போயிருந்தது.

அதே 2023இல் படேல், சச்தேவ் முதலானோர், எலக்ட்ரான்கள் ஒன்றோடொன்று இடைவினை புரியும் வலிமை இடத்துக்கு இடம் தாறுமாறாக மாறினால் நேர்கோடு தானாக வரும் என்று ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். அதன் வேர் சச்தேவும் யேவும் 1993இல் எழுதிய ஒரு மாதிரியில் இருக்கிறது. அழகான கணிதம். எல்லாப் பொருளுக்கும் அது பொருந்துமா என்பதில் இன்னும் ஒருமனது இல்லை.

சொல்லின் பயணம் இதற்கிடையே இன்னும் வெளியே போய்விட்டது. 2022இல் ஒரு குழு இட்ரியம் வகைப் படலத்தில் நானோ துளைகளை வரிசையாக இட்டு அளந்தபோது, மின்னோட்டத்தைச் சுமந்தவை இணைசேர்ந்த எலக்ட்ரான்கள். அந்த ஜோடிகள் பௌலி விதிக்குக் கட்டுப்படாத போசான்கள். ட்ரூட்டின் வாயுவிலோ லாண்டாவுவின் திரவத்திலோ அவற்றுக்கு இடமில்லை. மின்தடை அங்கேயும் வெப்பநிலையோடு நேர்கோட்டில் ஏறியது. அவர்கள் அதற்கும் விந்தை உலோகம் என்றே பெயர் வைத்தார்கள், முன்னால் போசான் என்ற ஓர் அடையை மட்டும் சேர்த்து, மேற்கோள் குறி எதுவும் இல்லாமல்.