பச்சை போருக்குப் போன கதை

போன தீபாவளிக்கு ஊரிலிருந்து வந்த அம்மா, கத்தரிக்கோல் தேடி என் மேசை டிராயரைத் திறந்தாள். கையில் வந்தது ஒரு சிகரெட் டப்பா. கரும்பச்சை நிறம், நடுவில் சிவப்பு வட்டம், அதற்குள் ஆங்கிலத்தில் 'லக்கி ஸ்ட்ரைக்'.

"எப்பலேர்ந்துடா?" என்றாள். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அப்பா நுரையீரல் புற்றுநோயில் போய் ஆறு வருடம் ஆகிறது. கடைசி நான்கு மாதம் அவரோடு ஆஸ்பத்திரியில் இருந்தவள் அவள்.

"திறந்து பாரும்மா" என்றேன். உள்ளே ஏ4 தாளில் சுருட்டிய இருபது வெள்ளைக் குழல்கள். மோந்து பார்த்தாள். பசை வாசனை மட்டும்தான். "இதைப் போயி எதுக்குடா செஞ்ச?"

அன்று சரியான பதில் சொல்ல வரவில்லை. எனக்குத் தெரிந்தவரை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

ஆரம்பம் 'மேட் மென்' தொடர். 1960-இல் நியூயார்க்கின் ஒரு விளம்பர நிறுவனத்தில் தொடங்குகிற கதை. முதல் அத்தியாயத்திலேயே நாயகன் டான் டிரேப்பர் லக்கி ஸ்ட்ரைக் அதிபர்கள் முன் நின்று 'இட்ஸ் டோஸ்டட்' என்ற வாசகத்தைக் கண்டுபிடிப்பான். பார்த்தபோது கைதட்டாத குறை. பிறகு தேடிப் பார்த்தால், அந்த வாசகம் 1917-லிருந்தே அந்த டப்பாவில் இருக்கிறது! புகையிலையை வெப்பத்தில் பதப்படுத்துவது மற்ற கம்பெனிகளும் செய்ததுதான். இவர்கள் அதை வாய்விட்டுச் சொன்னார்கள், அவ்வளவே.

தொடரின் ரசிகர்கள் சிலர் அதில் வரும் பொருட்களை அச்சு அசலாகச் செய்து அலமாரியில் வைப்பார்கள். மதுக் கோப்பை, லைட்டர், சிகரெட் டப்பா. இன்னொரு கூட்டம் இரண்டாம் உலகப் போர் ரசிகர்கள். அமெரிக்க வீரர்களின் சீருடை அணிந்து பழைய போர்க்காட்சிகளை நடித்துப் பார்ப்பவர்கள். 'கே-ரேஷன்' என்ற உணவுப் பொட்டலத்தில் வேளைக்கு நான்கு சிகரெட் இருந்தது என்பதால், அந்தக் குட்டி டப்பாவையும் விடாமல் செய்கிறார்கள். பெரும்பாலும் உள்ளே காகிதம்தான். டப்பாதான் அவர்களுக்கு முக்கியம்.

இவர்களிடம் ஒரு கறார் உண்டு. நார்மண்டியில் 1944-இல் இறங்கும் வீரன் பையில் பச்சை டப்பா வைத்திருந்தால் சிரிப்பார்கள். அதற்குள் டப்பா வெள்ளையாகிவிட்டது. வருடத்தைச் சரிபார்க்க அவர்கள் பார்ப்பது டப்பாவின் தலையில் ஒட்டிய நீல வரி முத்திரையை. டிவிட் கிளின்டன் என்ற பழைய நியூயார்க் ஆளுநரின் முகமும் ஒரு வரிசை எண்ணும் அதில் இருக்கும். எண்ணோடு 1830-ஐக் கூட்டினால் வருடம் கிடைக்கும். 112 என்றால் 1942. கோட் எழுதிப் பிழைக்கும் எனக்கு இந்த இடத்தில்தான் பைத்தியம் பிடித்தது. டப்பாவுக்கு வெர்ஷன் நம்பர்!

வெர்ஷன் மாறியதற்கு என்ன காரணம் என்று பார்க்கப் போனேன். எங்கள் தொழிலில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணத்தை ஒரு வரியில் எழுதி வைப்போம். அந்த வரியை அப்படியே நம்பக் கூடாது என்பதும் அனுபவத்தில் கற்ற பாடம்.

1942 இறுதியில் டப்பா பச்சையிலிருந்து வெள்ளைக்கு மாறியபோது, அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வானொலியில் திரும்பத் திரும்பச் சொன்ன காரணம்: 'லக்கி ஸ்ட்ரைக்கின் பச்சை போருக்குப் போய்விட்டது'. பச்சை மையில் குரோமியம், தங்கக் கோடுகளில் செம்பு, இரண்டும் ராணுவத்துக்குத் தேவை, நாங்கள் விட்டுக்கொடுத்தோம் என்று அர்த்தம். இதை ஓயாமல் சொன்னதில், அவர்கள் காசில் நடந்த 'இன்ஃபர்மேஷன் ப்ளீஸ்' நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் டான் கோலன்பாலே எரிச்சலாகிச் சண்டை பிடித்தார். அடுத்த வருடமே நிகழ்ச்சி வேறு கம்பெனியின் கைக்குப் போனது.

அந்த மைக்குப் போர்க்காலத்தில் தட்டுப்பாடு வந்தது உண்மைதான். ஆனால் பச்சைக்கும் கம்பெனிக்கும் தகராறு அதற்கு முன்பே இருந்தது. 1930-களில் பெண்களைப் புகைக்க வைக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார் கம்பெனித் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் ஹில். பச்சை டப்பா தங்கள் உடைகளோடு பொருந்தவில்லை என்று பெண்கள் சொல்வதாகத் தகவல் வந்தது. மக்கள் தொடர்பு நிபுணர் எட்வர்ட் பெர்னேஸிடம் கேட்டார். "டப்பாவின் நிறத்தை மாற்றிவிடுங்கள்" என்றார் பெர்னேஸ். அந்த நிறத்தை விளம்பரப்படுத்தக் கோடிக்கணக்கில் செலவழித்தாயிற்று, முடியாது என்றார் ஹில். அப்படியானால் பச்சையையே நாகரிகமாக்கிவிடலாம் என்று கிளம்பினார் பெர்னேஸ். 1934-இல் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் 'பச்சை நடன விருந்து' நடந்தது. நியூயார்க்கின் பணக்காரப் பெண்கள் பச்சை உடுத்தி வந்தார்கள். அறப்பணிக்கு நிதி திரட்டும் விருந்து. பின்னால் ஒரு சிகரெட் டப்பா இருப்பது வந்தவர்களுக்குத் தெரியாது.

1940-இல் ஹில் மனம் மாறி வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவியிடம் போனார். டப்பாவை மேம்படுத்த முடியாது என்று ஹில் ஐம்பதாயிரம் டாலர் பந்தயம் கட்டியதாகவும், தான் ஜெயித்ததாகவும் லோவி பிறகு எழுதினார். பச்சையை எடுத்துவிட்டு வெள்ளை. சிவப்பு வட்டம் இரண்டு பக்கமும். டப்பா மேசையில் எப்படி விழுந்தாலும் பெயர் மேலே தெரியும். அதாவது, போருக்குப் போவதற்கு முன்பே பச்சைக்கு விடைகொடுக்க ஆள் வைத்தாகிவிட்டது.

1945-இல் பிரான்சின் லெ ஹாவ்ர் துறைமுகத்தைச் சுற்றி அமெரிக்க ராணுவம் அமைத்த முகாம்களுக்கே சிகரெட் பெயர்கள்தான்: ஓல்ட் கோல்ட், செஸ்டர்ஃபீல்ட், ஃபிலிப் மாரிஸ். ஆகப் பெரியதன் பெயர் லக்கி ஸ்ட்ரைக். போருக்குப் போன பையன்களில் எத்தனையோ பேர் பழக்கத்தோடு திரும்பினார்கள். ராணுவ உணவுப் பொட்டலத்திலிருந்து சிகரெட் நீங்க 1975 ஆனது.

இதையெல்லாம் படித்த பிறகும் அந்தப் பச்சை டப்பாவைச் செய்ய வேண்டும் என்ற ஆசை குறையவில்லை. கூடியது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நியூஜெர்சியில் இருக்கும் நண்பன் ஏலத்தில் ஒரு காலி டப்பாவை வாங்கிக் கொண்டுவந்து தந்தான். எண்பது வருட வெளிச்சத்தில் வெளிறி, காய்ந்த முருங்கை இலை நிறத்தில் இருந்தது. அசல் பச்சை எது? அடிமடிப்பை ஆவியில் காட்டி மெல்லப் பிரித்தேன். வெளிச்சம் படாத அரை அங்குலத்தில் நிறம் அப்படியே இருந்தது. அதை ஸ்கேன் செய்தேன். எழுத்துகள் கையால் வரைந்தவை, எந்த ஃபான்ட்டிலும் சிக்காது. மூன்று வாரம் இரவில் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவாக வரைந்தேன். அதற்குள் அந்தப் பழைய ஓவியர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

முதலில் டிஜிட்டல் பிரின்ட் போட்டேன். தங்கக் கோடு கடுகுப் பழுப்பில் வந்தது. நான்கு நிற மையைக் கலந்து உலோகப் பளபளப்பைக் கொண்டுவர முடியாது. சொந்தக்காரர் ஒருவர் சொல்லி, சிவகாசியில் ஓர் அச்சகத்துக்குப் போனேன். அங்கிருந்த அண்ணாச்சி தாளை விளக்கில் பிடித்துப் பார்த்தார். "கல்யாணப் பத்திரிகைக்கு அடிக்கிற கோல்டு இங்க் இருக்கு தம்பி. ஸ்கிரீன்ல தனியா அடிச்சா நிக்கும்" என்றார். எனக்கு வாயெல்லாம் பல். பிறகு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"படம் எங்க?"

"எந்தப் படம் அண்ணாச்சி?"

"அதான், தொண்டைப் புண்ணு படம்."

இந்தியாவில் 2016 ஏப்ரலிலிருந்து டப்பாவின் இரண்டு பக்கமும் 85 சதவீதம் எச்சரிக்கை. அது இல்லாத டப்பாவை அவர் கண் ஏற்கவில்லை. நான் விளக்கினேன். இது 1942. சிகரெட்டையும் நுரையீரல் புற்றுநோயையும் இணைத்த பெரிய ஆய்வுகள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வந்ததே 1950-இல்தான். அமெரிக்க அரசின் அறிக்கை 1964-இல், டப்பாவில் எச்சரிக்கை 1966-இல். அப்போது படமும் கிடையாது, ஒரு வார்த்தையும் கிடையாது.

"அப்பக் கிடையாது, சரி. நான் அடிக்கிறது இப்பல்லா?" என்றார்.

பதில் இல்லை என்னிடம். மூன்று வாரம் நிறத்தையும் வளைவையும் முத்திரை எண்ணையும் சரிபார்த்தவன் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. அந்த டப்பா ஏன் அவ்வளவு அழகாக இருக்கிறது? லோவியும் பெர்னேஸும் பெயர் தெரியாத அந்த ஓவியரும் கெட்டிக்காரர்கள் என்பது ஒரு காரணம். அழகைக் கெடுக்கும் ஒன்று அதில் இன்னும் எழுதப்படவில்லை என்பது இன்னொன்று. நான் பிரதி எடுத்தது அந்த விடுபடலையும் சேர்த்துத்தான். அப்பா வாங்கிய டப்பாக்களில் எச்சரிக்கை இருந்தது, படமும் வந்தது. அவர் அதைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டார். மகன் அது இல்லாத டப்பாவாகப் பார்த்துத் தேடிப் பிடித்திருக்கிறேன்.

டீ குடித்தபடி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். பத்தே பத்து பிரதிகள், விற்பனைக்கு இல்லை. அடிமடிப்பில் 'மாதிரி, புகையிலை இல்லை' என்று அச்சிட வேண்டும். இரண்டு மூன்று ரசிக நண்பர்கள் அதற்கே முகம் சுளித்தார்கள். நான் ஒன்று கூடுதலாகச் செய்தேன். அசலில் வெற்றாக இருக்கும் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் வெர்ஷன் குறிப்பு அடித்தேன்: 1934, பச்சை விருந்து. 1940, லோவி. 1942, போர் என்று சொன்னார்கள். 1950, ஆய்வுகள். 1964, அறிக்கை. 1966, எச்சரிக்கை. வெளியே பார்த்தால் தெரியாது. மடிப்பைப் பிரிப்பவர்களுக்குத் தெரியும்.

அன்று அம்மாவிடம் ஒன்றைப் பிரித்துக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தாள். கடைசி வரிக்குக் கீழே மிச்சமிருந்த வெள்ளை இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு பழைய மடிப்பிலேயே மடித்து என் கையில் தந்தாள்.

"வெளிய எடுத்து வை. டிராயர்ல ஒளிச்சு வைக்காத. உங்கப்பா அப்படித்தான் வெச்சிருந்தார்."

இப்போது அது புத்தக அலமாரியில் இருக்கிறது, வரி முத்திரை தெரிகிற மாதிரி.