மெய்ன் கடலில் விதைநெல் வியாபாரம்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநில மீனவர்களுக்குச் சோறு போடுவது சிங்கி இறால். கூண்டுக்குள் புகுந்து இரையைத் தின்னும் கடல் முள்ளெலி அவர்களுக்கு வெறும் தொல்லை. கையில் சிக்கினால் நசுக்கி எறிவார்கள்.

1985-க்குப் பிறகு ஜப்பானின் யென் மதிப்பு கிடுகிடுவென ஏறியது. இந்த முட்பந்துக்குள் இருக்கும் ஆரஞ்சு நிறச் சதையை அங்கே 'உனி' என்று கொண்டாடுவார்கள். 1987-ல் மெய்னிலிருந்து ஏற்றுமதி சூடுபிடித்தது. மூழ்கி அள்ளத் தெரிந்தால் போதும், பெரிய முதலீடு தேவையில்லை. யார்தான் சும்மா இருப்பார்கள்? 1993-ல் பிடிபட்டது சுமார் 4 கோடி பவுண்டு! வருமானத்தில் சிங்கி இறாலுக்கு அடுத்த இடம்.

ஆனால் அந்தச் சதை முள்ளெலியின் இனப்பெருக்க உறுப்பு. முட்டையிடுவதற்கு முன், குளிர்காலத்தில் அது நிறைந்திருக்கும்போதுதான் நல்ல விலை. ஆக, விற்றது விதைநெல்லை. கணக்கிலோ அது லாபமாக எழுதப்பட்டது.

1994-ல் புதிய உரிமங்களை அரசு நிறுத்தியது. பிறகு மண்டலம், பிடிக்கும் நாட்கள், அளவு என்று கட்டுப்பாடுகள் வந்தன. எல்லாம் உச்சத்தைத் தொட்ட பிறகுதான். 2010 வாக்கில் பிடிப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது.

பிடிப்பதை நிறுத்தினால் மீண்டும் பெருகிவிடாதா? அங்கேதான் சிக்கல். மேய முள்ளெலி இல்லாததால் கெல்ப் பாசி காடாக வளர்ந்தது. அதில் நண்டுகள் குடியேறின. 2000, 2001-ல் ஆய்வாளர்கள் வளர்ந்த முள்ளெலிகளைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்கள். ஜோனா நண்டுகள் அவற்றைத் தின்று தீர்த்தன.