பேறுகால மனத்துயரும் பெயர் வழக்கும்

ஒரு சமுதாயம் நோய்களுக்கு இட்டு வழங்கும் பெயர்கள், அந்நோய்களை அது எவ்வாறு உணர்ந்தது என்பதைக் காட்டும். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு நேரும் மனத்துயர் இதற்குத் தக்க சான்றாகும்.

தமிழகச் சிற்றூர்களில் வழங்கும் பழஞ்சொல் 'பிரசவ சன்னி' என்பது. வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒருங்கே கெடுதலைக் குறிக்கும் 'சந்நிபாதம்' என்னும் வடசொல்லின் குறுகிய வடிவே சன்னி. காய்ச்சல் பிதற்றல், வலிப்பு, சித்தப்பிரமை ஆகியவை இவ்வொரு சொல்லில் அடங்கின. 'காத்துக் கருப்பு' அண்டியது என்னும் விளக்கமும் உடன் வழங்கிற்று. இவை யாவும் பிறர் கண்ணுக்குப் புலப்படும் நிலைகள். மறைவில் அழுதல், உறக்கமின்மை, குழந்தையிடம் பற்றின்மை ஆகியன ஒருசேரத் தோன்றும் நிலைக்கோ இவ்வாறு பரவலான தனிப்பெயர் இல்லை. 'மனசு சரியில்ல', 'ஒடம்புக்கு முடியல' என்னும் பொதுத்தொடர்களாகவே அது வெளிப்படும். கேட்போர் பேற்றின் களைப்பென எண்ணி அமைவர்.

மேலை மருத்துவத்திலும் பித்துநிலையே முதலில் கவனம் பெற்றது. பிரான்சு நாட்டு மார்சே 1858-இல் அது குறித்துத் தனிநூல் இயற்றினார். பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வை இலண்டனில் பிரைஸ் பிட் 1968-இல் தனியே ஆராய்ந்தார். பத்துக் கூறுகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் 1987-இல் வெளிவந்தது.

வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் 359 கருவுற்ற பெண்களைக் கொண்டு தொடங்கிய ஆய்வு 2002-இல் வெளியாயிற்று. பேற்றுக்குப் பின் 6 முதல் 12 வாரங்களில் நூற்றுக்குப் பதினொருவரிடம் மனச்சோர்வு புதிதாகத் தோன்றியிருந்தது. வறுமை, மகனை எதிர்பார்த்த இடத்தில் மகள் பிறத்தல், மாமியாருடனும் பெற்றோருடனும் பிணக்கு, கருக்காலத்து இன்னல்கள், கைத்துணையின்மை ஆகியவை அதனோடு தொடர்புற்றிருந்தன. பேற்றிற்குத் தாய்வீடு செல்லும் வழக்கமுடைய சமுதாயத்தில் புகுந்தகம், பிறந்தகம் ஆகிய இரண்டும் இப்பட்டியலில் இடம்பெற்றமை கருதத்தக்கது. காற்றின்மேல் ஏற்றிய காரணம் வீட்டினுள் இருந்தது.

ஆயின், நோய்ப்பெயரை அறிவித்தல் மட்டும் போதாது. 'மனச்சோர்வு' என்னும் கலைச்சொல்லின் 'சோர்வு' பேச்சுவழக்கில் வெறுங்களைப்பையே உணர்த்தும். 'மனநோய்' என்றாலோ பழிக்கு அஞ்சிக் குடும்பத்தார் மறைப்பர். பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டச் சிற்றூர்களில் நடைபெற்று 2008-இல் வெளியான ஆய்வு மாற்றுவழி காட்டியது. அங்குச் சுகாதாரப் பணிப்பெண்கள் நோய்ப்பெயரை முன்னிறுத்தாது, குழந்தை நலத்தை முன்வைத்துத் தாய்மாரிடம் உரையாடினர். ஆறாம் மாதத்தில் அவர்களுள் 23 விழுக்காட்டினரிடமே சோர்வு எஞ்சியது. இம்முறை பெறாதோரிடம் அது 53 விழுக்காடு.

இந்தியாவில் 2009-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் தாய்-சேய் மனநலப் பிரிவு அமைந்தது. சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதிற்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரித்தலாகாது என 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் விதித்தது. ஆனால், சிற்றூர்த் தாய் அவ்வாயிலை அடையுமுன் அவளது துயரை ஒருவர் கேட்டறிதல் வேண்டும். எனவே, புதிய கலைச்சொல் ஆக்குவதனினும், 'மனசு சரியில்ல' என்று அவள் கூறும்போது அடுத்து வினவத்தக்க வினாவை அவள் வழக்கிலேயே அமைத்துத் தருதல் மொழியறிஞரின் இன்றியமையாப் பணியாகும்.