பொதிகை உச்சியில் ஒரு கணக்குப்பிள்ளை

சீவலப்பேரி என்றதும் உங்களுக்கு முதலில் யார் ஞாபகத்துக்கு வருவார்? பாண்டி! தப்பில்லை. பத்திரிகையில் தொடராக வந்து, 1994-ல் நெப்போலியன் மீசையோடு திரைக்கும் வந்த பாண்டி, அந்த ஊருக்கு அப்படியொரு பேர் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

கொஞ்சம் இலக்கிய வாசனை உள்ளவர் என்றால் முக்கூடற்பள்ளு ஞாபகம் வரும். தாமிரபரணியோடு சிற்றாறும் கயத்தாறும் வந்து சேர்கிற முக்கூடல்தான் அந்தப் பள்ளின் மேடை. அது இருக்கிற இடம் சீவலப்பேரி.

ரெண்டு பெண்டாட்டிக்காரன் பாடு, சக்களத்திச் சண்டை, உன் சாமி பெரிசா என் சாமி பெரிசா என்கிற ஏச்சு... படித்தால் சிரித்து மாளாது. ஆனால் அந்தச் சிரிப்புக்கு நடுவே புலவர் சத்தமில்லாமல் இன்னொரு காரியம் செய்திருக்கிறார். வெள்ளம் வந்தபோது என்னென்ன மீன் ஏறி வந்தது, வயலில் என்னென்ன நெல் விதைத்தார்கள், மாட்டில் எத்தனை ரகம் என்று வரிசையாகப் பட்டியல் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சுமார் முந்நூறு வருஷத்துக்கு முந்தைய சமாசாரம். எழுதியவர் பேர்கூட உறுதியாகத் தெரியாது. பட்டியல் மட்டும் பிழைத்துக் கிடக்கிறது. காரணம், அவர் அதைப் பாட்டாக்கி ஊருக்குள் விட்டுவிட்டார். பாடினவன் வாயிலெல்லாம் ஒரு காப்பி இருந்தது.

நான் பி.காம். படித்தவன். இதைப் படிக்கிறபோது எனக்குத் தோன்றுவது பேரேடுதான். ஆற்றுக்கும் மலைக்கும் மழைக்கும் பறவைக்கும்கூட வரவு செலவு உண்டு. யாரோ ஒருத்தர் அதைத் தினமும் எழுதியாக வேண்டும். எழுதியதை நாலு பேர் பார்க்க வேண்டும். பேரேட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு ‘கம்பெனி நல்லா நடக்குது’ என்று ஒரு முதலாளி சொன்னால் நீங்கள் நம்பிப் பணம் போடுவீர்களா?

இதற்கு இன்றைய விஞ்ஞானிகள் வைத்திருக்கிற பேர் ‘ஓப்பன் டேட்டா’. அளந்ததை, எண்ணியதை, எவர் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கிற மாதிரி திறந்து வைப்பது. ஏதோ கம்ப்யூட்டர் காலத்துப் புது யோசனை என்று நினைத்துவிடாதீர்கள். தாமிரபரணி பிறக்கிற மலை உச்சியிலேயே 170 வருஷத்துக்கு முன்னால் இதன் கதை ஒன்று நடந்திருக்கிறது.

வாருங்கள், ஆற்றை எதிர்த்து மேலே போவோம். சீவலப்பேரியிலிருந்து மேற்கே பாளையங்கோட்டை, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், பாபநாசம். அதற்கப்புறம் காடு. காட்டுக்கு மேலே பொதிகை. அகத்தியர் உட்கார்ந்து தமிழ் வளர்த்ததாக நாம் சொல்கிற மலை. 1,868 மீட்டர் உயரம்.

1855-ல் அந்த உச்சியில் போய் உட்கார்ந்தார் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். பேர் ஜான் ஆலன் ப்ரவுன். தவம் செய்ய அல்ல. ஒரு காந்த ஊசி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்க்க!

சிரிக்காதீர்கள். திசைகாட்டி ஊசி எப்போதும் வடக்கே பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும் என்றுதானே நினைக்கிறோம்? நிற்பதில்லை. ஒரு நாளைக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத அளவு இங்கும் அங்கும் அசையும். ஏன் அசைகிறது? பத்தொன்பதாம் நூற்றாண்டு விஞ்ஞானிகளைத் தூங்கவிடாமல் அடித்த கேள்வி இது. ஜெர்மனியில் காஸ் என்கிற கணித மேதை ஒரு யோசனை சொன்னார். ஒரே ஊரில் உட்கார்ந்து பார்த்தால் விடை கிடைக்காது. உலகம் முழுக்கப் பல ஊர்களில், ஒரே நேரத்தில் பார்த்து எழுத வேண்டும். எழுதியதை எல்லாரும் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். பிரிட்டிஷ் அரசாங்கமும் தன் பங்குக்குக் காலனிகளில் ஆய்வுக்கூடங்களைக் கட்டியது.

திருவிதாங்கூர் இதில் பின்தங்கவில்லை. சங்கீத ராஜா சுவாதித் திருநாள் 1837-லேயே திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் ஒன்றை ஆரம்பித்திருந்தார். அதன் முதல் தலைவர் ஜான் கால்டிகாட். அவர் ஆலப்புழையில் சமஸ்தானத்தின் வியாபார ஏஜெண்டாக இருந்தவர். கணக்குப் பார்த்தவர் நட்சத்திரம் பார்க்கப் போனார். (எங்கள் காமர்ஸ் ஜாதிக்குப் பெருமை!) கால்டிகாட் 1849-ல் இறந்துபோக, 1852-ல் அந்த நாற்காலிக்கு வந்தவர்தான் ப்ரவுன். சம்பளம் மகாராஜாவுடையது.

வந்தவர் சும்மா இருந்தாரா? கீழே திருவனந்தபுரத்தில் ஓர் ஊசி, மேலே பொதிகையில் ஓர் ஊசி. உயரம் கூடினால் அசைவு மாறுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினார். யானையும் புலியும் திரிகிற காட்டை வெட்டிப் பாதை போட வேண்டும். வண்டி போகாது. அத்தனை சாமானும் மனிதர் தலையில்தான் ஏறியாக வேண்டும். உச்சியில் காற்றும் மழையும் பனியும். அதற்கு நடுவே மணிக்கணக்கு தவறாமல் ஊசியைப் பார்த்து எழுத வேண்டும். ப்ரவுன் ஒருத்தரால் ஆகிற காரியமா? உள்ளூர் உதவியாளர்களைப் பழக்கினார். அவர் 1865-ல் ஊருக்குக் கிளம்பிய பிறகும் பதிவு 1869 வரை ஓடியிருக்கிறது. எழுதிய கைகள் நம்மவர் கைகள். நாம் அவர்கள் பேரைப் படிப்பதில்லை.

சரி, பலன்? ஸ்காட்லாந்தில், பிரிஸ்பேன் நகரத்துக்குப் பேர் கொடுத்த தாமஸ் பிரிஸ்பேனின் சொந்த ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர் ப்ரவுன். அந்தக் கணக்கு கையில் இருந்தது. திருவனந்தபுரத்துக் கணக்கும் இருந்தது. மற்ற ஆய்வுக்கூடங்கள் அச்சிட்டு வெளியிட்டவையும் இருந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பூமியின் காந்த பலம் ஓர் ஊரில் ஒரு நாள் இறங்கினால், உலகத்தின் மறு கோடியிலும் அதே நாள் இறங்குகிறது! அதிலும் சுமார் 26 நாளுக்கு ஒருமுறை ஒரு சுழற்சி. சூரியன் தன்னைத்தானே சுற்றிக்கொள்கிற கணக்கோடு அது பொருந்தியது. சூரியனில் ஏதோ நடந்தால் பொதிகையில் ஊசி ஆடும். இன்று சாட்டிலைட்டுக்கும் மின்சாரக் கட்டமைப்புக்கும் ஆபத்து என்று ‘விண்வெளி வானிலை’ பார்க்கிறார்களே, அதன் ஆரம்பப் பாடங்களில் இது ஒன்று.

ஒன்றைக் கவனியுங்கள். பொதிகை நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க உட்கார்ந்திருந்தாலும் இது தெரிந்திருக்காது. மற்றவன் நோட்டும் திறந்திருந்ததால்தான் தெரிந்தது.

கதையின் கசப்பான பாதி இனிமேல்தான். ஐரோப்பா திரும்பிய ப்ரவுனுக்கு மிச்ச வாழ்க்கை முழுக்க அந்த எண்களோடுதான் மல்லுக்கட்டு. எழுதுவதைவிட அதைச் சரிபார்த்து, ஒழுங்கு பண்ணி, அச்சேற்றுவதுதான் பெரும்பாடு. 1874-ல் லண்டனில் ஒரு பெரிய புத்தகம் வந்தது. திருவனந்தபுரத்திலும் அகத்தியமலையிலும் 1852 முதல் 1869 வரை எடுத்த காந்தக் கணக்கு. ‘முதல் தொகுதி’ என்று போட்டிருந்தது. 1878-ல் ராயல் சொசைட்டி மெடல் கொடுத்தது. 1879-ல் ப்ரவுன் போய்ச் சேர்ந்தார். இரண்டாவது தொகுதி வரவே இல்லை.

அச்சில் ஏறியது இன்றைக்கும் நூலகங்களில் இருக்கிறது. ஏறாதது? அவ்வளவுதான்.

‘சரிய்யா, அது ராஜா காலம். இப்போது அப்படி நடக்குமா?’ என்று கேட்பீர்கள். அதே மேற்குத் தொடர்ச்சி மலையை வைத்தே சொல்கிறேன்.

2010 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மாதவ் காட்கில் தலைமையில் ஒரு குழு போட்டது. குஜராத் எல்லையிலிருந்து கன்னியாகுமரி வரை மலை முழுவதையும் சுமார் 9 கிலோமீட்டருக்கு 9 கிலோமீட்டர் என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் என்ன காடு, என்ன உயிர், எவ்வளவு சரிவு என்று மார்க் போட்டார்கள். கிட்டத்தட்ட 2,200 கட்டங்கள். நம் பொதிகையும் அதில் உண்டு. 2011 ஆகஸ்ட் கடைசியில் அறிக்கை அமைச்சகத்தின் மேஜைக்குப் போனது.

போனது போனதுதான். மாசக்கணக்கில் வெளியே வரவில்லை.

கேரளத்துக்காரர் ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டார். இது இன்னும் முடிவான அறிக்கை இல்லை, வெளியே விட்டால் நாட்டின் பொருளாதார நலனுக்குப் பாதகம் என்கிற ரீதியில் பதில். 2012 ஏப்ரலில் மத்திய தகவல் ஆணையம் ‘கொடு’ என்றது. அமைச்சகம் டெல்லி ஹைகோர்ட்டுக்கு ஓடியது. அங்கேயும் தோல்வி. மே மாதம் வேறு வழியில்லாமல் அறிக்கை வெளியே வந்தது.

வேடிக்கை என்ன தெரியுமா? அரசாங்கப் பணத்தில் சேகரித்த தகவலை மக்களோடு பகிர வேண்டும் என்று தேசியக் கொள்கையை மத்திய அரசு வெளியிட்டது அதே 2012 மார்ச்சில்தான்! வலது கையால் கொள்கை, இடது கையால் பூட்டு.

அந்த மாதங்களில் நடந்த நஷ்டம் சின்னதல்ல. அறிக்கையை யாரும் படிக்க முடியாதபோது, அதில் என்ன இருக்கிறது என்கிற வதந்தியை எல்லாரும் படித்தார்கள். வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள், விவசாயம் பண்ண விடமாட்டார்கள் என்று மலைவாசிகள் பயந்தார்கள். பேச்சு சூடானபின் எண்களுக்கு மரியாதை இல்லை. அப்புறம் கஸ்தூரிரங்கன் குழு, அப்புறம் வரைவு மேல் வரைவு... உங்களுக்குத் தெரிந்ததுதான்.

மலையிலிருந்து இறங்கி மறுபடி ஆற்றுக்கு வருவோம். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 946 மில்லிமீட்டர் மழை. தாமிரபரணி கரை உடைத்துக்கொண்டு ஓடியது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் சுமார் 800 பேரோடு ரயில் நின்றது. ஏரலில் பாலம் போனது. வெள்ளம் வடிவதற்குள்ளேயே, வானிலைத் துறை சரியாகச் சொல்லவில்லை என்று மாநிலமும், முன்கூட்டியே சொன்னோம் என்று மத்திய அரசும் சண்டை.

‘இப்படி ஒரு மழையைப் பார்த்ததே இல்லை’ என்றார்கள். சமவெளிக்கு அது சரி. ஆனால் இதே ஆற்றுக்கு மேலே, மாஞ்சோலையை ஒட்டிய காக்காச்சியில், 1992 நவம்பரில் ஒரே நாளில் 965 மில்லிமீட்டர் பதிவாகியிருக்கிறது. நெல்லையை மூழ்கடித்த வெள்ளம் அது. அந்த எண்ணை 2023-ல் நமக்கு ஞாபகப்படுத்தியவர்கள் யார்? பழைய மழைக் கணக்கைத் தேடித் தேடிச் சேர்த்து, காசு வாங்காமல் எல்லாருக்கும் சொல்கிற ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான் போன்ற ஆர்வலர்கள். தேயிலைத் தோட்டங்களில் தினம் மழை அளந்து எழுதுவது பழைய வழக்கம். மாஞ்சோலையில் தோட்டத்தை நடத்திய நிறுவனம் 2024-ல் வேலையை நிறுத்திவிட்டது. அந்த மாதிரிப் பழைய நோட்டுகள் எந்த அலமாரியில் போய்ச் சேரும் என்பது, ஆற்றங்கரையில் வீடு கட்டியிருக்கிற ஒவ்வொருத்தர் கவலையாகவும் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் திறந்து வைத்துவிடலாமா என்றால், அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. அபூர்வமான பறவை எந்த மரத்தில் கூடு கட்டுகிறது என்று ஊருக்குச் சொன்னால், கேமராக்காரனும் வருவான், கண்ணி வைக்கிறவனும் வருவான். அதனால்தான் உலகப் பறவைக் கணக்கு எழுதுகிற ‘இ-பேர்ட்’ தளத்திலேயே சில இனங்கள் இருக்கும் இடத்தை மறைத்துவிடுகிறார்கள். இன்னொரு நியாயமும் உண்டு. இருபது வருஷம் அட்டைக்கடி பட்டுச் சேர்த்த கணக்கை இன்னொருத்தர் ஒரே நாளில் எடுத்துக் கட்டுரை எழுதிப் பேர் வாங்கினால் வயிறு எரியத்தானே செய்யும்? சேகரித்தவர் பேரைச் சொல்லி எடுத்துக்கொள் என்பதுதான் இதற்குக் கண்டுபிடித்திருக்கிற மரியாதை. பொதிகையில் ஊசி பார்த்த உதவியாளர்களுக்கு அந்த மரியாதை வந்து சேரவில்லை.

நல்ல சேதியும் இல்லாமல் இல்லை. 2011 முதல் ஜனவரி மாதத்தில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் பைனாகுலரோடு ஒரு கூட்டம் நிற்கிறது. காலேஜ் பிள்ளைகள், வாத்தியார்கள், ஆர்வலர்கள். மணிமுத்தாறில் இருக்கிற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் நடத்துகிற நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு அது. எந்தக் குளத்தில் எத்தனை நாரை, எத்தனை தாரா என்று எண்ணுகிறார்கள். நாடு முழுக்க இப்படிச் சுமார் 30,000 பேர் எண்ணிப் போட்ட 3 கோடிப் பதிவுகளை வைத்துத்தான் ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை 2023-ல் வந்தது. 942 இனங்களைப் பார்த்து, 178 இனங்களுக்கு உடனே கவனம் தேவை என்று சொன்னது. எந்த ஒரு விஞ்ஞானியாலும் தனியாக எண்ண முடியாத கணக்கு.

நெல்லைக்காரர்களுக்கு இது புதுசு இல்லை, சொல்லப்போனால். காலையில் பேப்பரைப் பிரித்ததும் தலைப்புச் செய்திக்கு முன்னால் அணை நிலவரம் பார்க்கிற ஊர் இது. பாபநாசம் 143 அடியில் எத்தனை, மணிமுத்தாறு 118-ல் எத்தனை. அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் நாற்று போடலாமா வேண்டாமா என்று எத்தனையோ விவசாயி முடிவு பண்ணியிருக்கிறார். அணையின் நீர்மட்டம் ரகசியம் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

அந்தப் பெட்டிச் செய்தியில் இன்னும் என்னென்ன வரலாம் என்று யோசியுங்கள். சீவலப்பேரியிலிருந்து குழாயில் போகிற ஆற்றுத் தண்ணீரைத்தான் கோவில்பட்டி குடிக்கிறது. அங்கே இன்றைக்கு ஆற்றில் எவ்வளவு ஓடுகிறது, அதில் எவ்வளவு சாக்கடை கலந்திருக்கிறது, எவ்வளவு எடுக்கிறார்கள்? அளப்பதற்கு ஆளும் இருக்கிறது, கருவியும் இருக்கிறது, சம்பளமும் நம் வரிப்பணத்தில்தான் போகிறது. அடுத்த தடவை மனு எழுத உட்காரும்போது, ரோடு, ரேஷன் கார்டோடு இதையும் ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள்.