குட்டிப் பெட்டிக்குள் பெரிய பேஸ் வந்த கதை

மேஜை மேல ரெண்டு சின்ன ஸ்பீக்கர், நடுவுல டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர், காலடியில ஒரு சப்வூஃபர். ஒயர் மாட்ட பத்து நிமிஷம் போதும். ஆனா இந்த மூணும் இப்படித் தனித்தனியா பிரிஞ்சு நம்ம மேஜைக்கு வந்து சேர்ந்ததுக்குப் பின்னாடி எழுபது வருஷக் கதை இருக்கு. கதையில ஒரு கடன் இருக்கு. அதை யார் அடைச்சாங்கங்கறதுதான் விஷயம்.

1950களின் ஆரம்பத்துல அமெரிக்காவுல நல்ல பேஸ் வேணும்னா பீரோ சைஸுக்குப் பெட்டி வேணும். காரணம் எளிமையானது. ஸ்பீக்கர் கூம்பு முன்னாடி காற்றைத் தள்ளும்போது பின்னாடி இழுக்குது. ரெண்டும் சேர்ந்தா பேஸ் காலி. அதனால பின்பக்கத்தை ஒரு பெட்டியில அடைக்கணும். அடைச்சா உள்ள இருக்கிற காற்று ஸ்பிரிங் மாதிரி கூம்பை எதிர்த்துத் தள்ளும். சின்னப் பெட்டின்னா ஸ்பிரிங் ரொம்ப விறைப்பு, பேஸ் கீழே இறங்காது. ஆக, பெட்டியைப் பெருசாக்கு. அவ்ளோதான் அன்றைய பொது அறிவு.

எட்கர் வில்ச்சர் இதைத் தலைகீழா யோசிச்சார். மனுஷன் படிச்சது கலை வரலாறு! இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துல எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் பார்த்துக் கத்துக்கிட்டவர், பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலி பற்றி மாலை வகுப்பு எடுத்தார். (இஞ்சினியரிங் டிகிரி வச்சிருக்கிற நாமெல்லாம் கொஞ்சம் தலை குனிஞ்சுக்கலாம்.) அவர் கேட்ட கேள்வி: கூம்பைப் பிடிச்சு வச்சிருக்கிற துணியும் காகிதமும்கூட ஒரு ஸ்பிரிங்தானே, அதுவும் கோணல்மாணலான ஸ்பிரிங், அடைச்ச காற்று அதைவிட ஒழுங்கான ஸ்பிரிங் ஆச்சே? அப்போ துணியைத் தொளதொளன்னு விட்டுட்டு, காற்றையே வேலை வாங்கினா என்ன? பெட்டி சின்னதா இருக்கிறது இங்கே தொந்தரவு இல்லை, தேவை!

இந்த யோசனையை விற்கப் போனார். பெரிய கம்பெனிகள் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அவரோட மாணவர் ஹென்றி க்ளாஸ் கூட்டு சேர, 1954ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் அக்கூஸ்டிக் ரிசர்ச் தொடங்கினாங்க. முதல் சரக்கு ஏஆர்-1. கனமான பெட்டிதான், ஆனா அலமாரியில் படுக்க வைக்கலாம். பீரோ சைஸ் பெட்டிகளோட பேஸ்ல போட்டி போட்டுச்சு. காப்புரிமை 1956ல் கிடைச்சது. பிறகு வழக்கில் அது செல்லாதுன்னு ஆனபோது வில்ச்சர் மேல்முறையீடு போகலை. போட்டி கம்பெனிகள் எல்லாம் தாராளமா இந்த முறைக்கு மாறினாங்க. பிற்காலத்துல காது கேட்கும் கருவிக்காக ஒரு முக்கியமான முறை கண்டுபிடிச்சார். அதுக்குக் காப்புரிமையே எடுக்கலை. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச ஆள் இவர்தான்.

இப்போ கடனுக்கு வருவோம். 1957ல் க்ளாஸ் பிரிஞ்சுபோய், மால்கம் லோ, ஆன்டன் ஹாஃப்மன் இருவரோடும் கேஎல்எச் என்ற கம்பெனி ஆரம்பிச்சார். ஹாஃப்மன் பேர்ல ஒரு 'இரும்பு விதி' இருக்கு: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைஞ்ச கரண்ட்ல நிறைய சத்தம். மூணுல ரெண்டுதான் உனக்கு. பேஸ் ஒரு ஆக்டேவ் கீழே போகணும்னா பெட்டி எட்டு மடங்கு ஆகணும், இல்லாட்டி திறன் எட்டில் ஒண்ணா குறையும். நம்ம ஊர் மைக் செட் குழாய் ஸ்பீக்கர் இதுக்கு நேர் எதிர்: கொஞ்சம் வாட்ஸ்லயே ஊரைக் கூட்டும், பேஸ்னு ஒண்ணு கிடையவே கிடையாது.

வில்ச்சர் விட்டுக்கொடுத்தது திறனை. அந்த பாக்கி ஆம்ப்ளிஃபையர் தலையில விழுந்தது. பத்து டெசிபல் குறைஞ்சா பத்து மடங்கு வாட்ஸ் வேணும். வால்வு காலத்துல வாட்ஸ் காஸ்ட்லி. 1960களில் டிரான்சிஸ்டர் வந்து கொஞ்சம் மலிவாக்குச்சு. இதுக்கு நடுவுல ஆஸ்திரேலியாவில் நெவில் தீலும் (1961) ரிச்சர்ட் ஸ்மாலும் (1970களின் ஆரம்பம்) பெட்டி டிசைனை கணக்காவே மாத்திட்டாங்க. இன்னிக்கு சாஃப்ட்வேரில் எண்ணைப் போட்டா வளைகோடு வருதே, அது இவங்க புண்ணியம்.

கடனோட இன்னொரு பாதியை அடைச்சது சப்வூஃபர். 1974ல் 'எர்த்க்வேக்' படத்துக்காக தியேட்டர்களில் 'சென்சரவுண்ட்'னு ராட்சசப் பெட்டிகளை வச்சு சீட்டையே ஆட்டினாங்க. வீட்டுக்கு அது எதுக்கு? 80 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் நாலு மீட்டருக்கு மேல. அது எந்தப் பக்கமிருந்து வருதுன்னு காதுக்குப் பிடிபடுறது கஷ்டம். அதனால பேஸ் மொத்தத்தையும் ஒரே பெட்டிக்குத் தள்ளி, அதுக்குச் சொந்தமா ஒரு ஆம்ப்ளிஃபையர் கொடுத்துடலாம். மேல இருக்கிற ரெண்டு ஸ்பீக்கரும் நாலு இஞ்ச் கூம்போட பிழைச்சுக்கும். டிஎச்எக்ஸ்காரங்க வீட்டு சிஸ்டத்துக்கு 80 ஹெர்ட்ஸையே எல்லையா வச்சாங்க.

டிபன் பாக்ஸ் ஆம்ப்ளிஃபையர் கடைசியில வந்தது. சிக்னலை வெட்டி வெட்டி ஸ்விட்ச் மாதிரி இயக்குற கிளாஸ்-டி முறையை 1964லேயே இங்கிலாந்தின் சின்க்ளேர் எக்ஸ்-10 என்ற பேர்ல கிட்டா வித்தார். பேர்ல பத்து, வந்தது ரெண்டரை வாட்ஸ்! அன்றைய டிரான்சிஸ்டருக்கு அவ்வளவு வேகம் இல்லை. 1998ல் டிரைபாத் கம்பெனியின் டிஏ2020 சிப் வந்தபிறகுதான் பெரிய ஹீட்சிங்க் இல்லாமலே நல்ல சத்தம் சாத்தியமாச்சு. கம்பெனி 2007ல் திவாலாயிடுச்சு, பாவம். வழி மட்டும் நிலைச்சிருச்சு.

இந்த வரலாறு தெரிஞ்சா சப்வூஃபரோட முதுகு புரியும். அங்கே ரெண்டு வகை இன்புட் இருக்கும். ஆர்சிஏ ஓட்டை, பக்கத்துல ஸ்பீக்கர் ஒயர் செருகுற இடம். ரெண்டாவது எதுக்குன்னா, பழைய ஆம்ப்ளிஃபையர்களில் சப்வூஃபருக்குன்னு தனி அவுட்புட்டே கிடையாது. ஸ்பீக்கர் முனையிலிருந்துதான் எடுக்கணும். ஆனா இன்றைய கிளாஸ்-டி சிப்கள் பலதுல (டிஏ2020 உட்பட) மைனஸ் முனை கிரவுண்ட் இல்லை, அதுலயும் சிக்னல் ஓடும். பழைய பழக்கத்துல அங்கே ஒயரை இழுத்து, சப்வூஃபர் உள்ளே ரெண்டு மைனஸும் கிரவுண்டோட சேர்ந்திருந்தா சிப் புகைய வாய்ப்பிருக்கு. சப் அவுட் இருந்தா அதையே பயன்படுத்துங்க.

இன்னொண்ணு, பல சின்ன ஆம்ப்ளிஃபையர்களில் சப் அவுட் மாட்டினாலும் குட்டி ஸ்பீக்கருக்குப் போற பேஸ் குறையாது. அதனால திருகை 80 பக்கம் வச்சு, பாட்டு ஓடும்போது முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்க. 120க்கு மேல போனா பாடகர் குரல் மேஜைக்கு அடியிலிருந்து வர ஆரம்பிக்கும். ஃபேஸ் ஸ்விட்ச் 0, 180 ரெண்டுலயும் கேளுங்க. எதுல உக்கார்ந்த இடத்துல பேஸ் கூடுதோ அதுல விட்டுடுங்க.