மேகத்தில் உப்பு விதைத்த கதை



வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசிப் பக்கமெல்லாம் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் நாலு நல்ல மழை விழுந்தால்தான் பருத்தியும் மக்காச்சோளமும் கம்பும் கரையேறும். மழை தவறினால் மந்தையிலே ஒரு பேச்சு கிளம்பும்: "ஏரோப்பிளேன்ல உப்பைத் தூவி மழை பெய்ய வைக்கிறாங்களாமே, நம்ம பக்கம் ஏன் வரக் கூடாது?" நியாயமான கேள்விதான். பதில் தெரிய வேண்டுமானால் அந்த முயற்சி நடந்து வந்த பாதையைப் பார்க்க வேண்டும்.

முதலில் மனிதன் நம்பியது வேட்டை! போர் நடந்த இடத்தில் மழை பெய்யும் என்று அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை. 1891-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டைரன்ஃபோர்த் என்பவர் அரசாங்கப் பணத்தில் பலூனிலும் பட்டத்திலும் வெடி கட்டி வானத்திலே வெடித்துப் பார்த்தார். பலன் ஒன்றும் நிரூபணமாகவில்லை. வேட்டுச் சத்தத்துக்கு மழை இறங்குமானால் நமக்குப் பஞ்சமே வராதே! மழையும் காற்றின் ஈரமும் குறைவு என்பதால்தானே பட்டாசுத் தொழில் இங்கே வேரூன்றியது.

உண்மையான வழி 1946-ல் தெரிந்தது. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் விஞ்ஞானி வின்சென்ட் ஷேஃபர், அந்த ஆண்டு நவம்பர் 13-ந் தேதி விமானத்தில் ஏறி, உறைந்த கரியமில வாயுத் துண்டுகளை மேகத்தில் தூவினார். மேகத்திலிருந்து பனித்தூள் இறங்கியது. அதே மாதம் அவருடைய சகா பெர்னார்ட் வானகட், சில்வர் அயோடைடும் அந்த வேலையைச் செய்யும் என்று கண்டார். ஆனால் இவை உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த மேகத்துக்குத்தான் ஏற்றவை.

அவ்வளவு உயரம் வளராத மேகங்களும் நம் நாட்டில் நிறைய உண்டு. அவற்றுக்கு ஏற்றது உப்பு. மேகத்திலுள்ள நீர்த்துளி கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிது. ஏறக்குறைய பத்து லட்சம் துளிகள் கூடினால்தான் ஒரு மழைத்துளி. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். மேகத்திலும் உப்புத்தூள் ஈரத்தை இழுத்துப் பெரிய துளியாகும். அது விழும்போது சின்னத் துளிகளைச் சேர்த்துக்கொண்டு மழையாகும்.

நம் நாட்டில் 1951-ல் டாடா நிறுவனம் மேற்குத் தொடர்ச்சி மலையில் தரையிலிருந்தே சில்வர் அயோடைடு புகை அனுப்பிப் பார்த்தது. 1957 முதல் டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூரில் தரையிலிருந்து உப்பு தூவினார்கள். பிறகு புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் விமானத்தில் இறங்கியது. நம் திருவள்ளூரிலும் 1973-லும், 1975 முதல் 1977 வரையிலும் பரிசோதனை நடந்தது.

பெரிய பரிசோதனை மகாராஷ்டிராவின் பாராமதியில். 1973-க்கும் 1986-க்கும் இடையில் பதினோரு பருவங்கள். எள் விதையோடு மணல் கலந்து விதைப்போமில்லையா? அதுபோல உப்போடு மாக்கல் தூள் கலந்து, கட்டி தட்டாமல் தூவினார்கள். வடக்கே ஒரு பகுதி, தெற்கே ஒரு பகுதி, நடுவே வரப்பு மாதிரி ஒரு பகுதி. எதில் தூவுவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி முடிவு செய்தார்கள். உரம் போட்ட பாத்தியையும் போடாத பாத்தியையும் ஒப்பிடுகிற முறைதான். மொத்தத்தில் 24 சதவீதம் மழை கூடுதல் என்று கணக்காயிற்று. ஒரு கிலோமீட்டருக்கு மேல் கனமும் போதிய நீரும் உள்ள மேகம் மழை தந்தது. மெல்லிய மேகமோ உப்புப் பட்டதும் கலையப் பார்த்தது!

தமிழக அரசும் 1983-லும், 1984 முதல் 1987 வரையிலும், 1993-94-லும் வறட்சியைச் சமாளிக்க மேகத்தில் விதைத்தது. அவசரத்துக்குச் செய்யும் வேலையில் தூவாத பாத்தி கிடையாது. பெய்த மழையில் விமானத்தின் பங்கு எவ்வளவு, வருணனின் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

2018, 2019-ல் மழைமறைவுப் பிரதேசமான சோலாப்பூரில் அதே புனே நிறுவனம் மறுபடி ஆராய்ந்தது. காற்று போகும் திசையில் 100 சதுர கிலோமீட்டரில் 18 சதவீதம் கூடுதல் மழை என்று முடிவு வந்தது.

இதை நம் நிலத்துக்குக் கணக்குப் போடுவோம். 100 மில்லிமீட்டர் பெய்ய வேண்டிய இடத்தில் 18 மில்லிமீட்டர் கூடினால், ஏக்கருக்குச் சுமார் 73,000 லிட்டர் தண்ணீர். லேசான விஷயமல்ல. ஆனால் வானத்தில் மேகமே இல்லையென்றால்? சைபரில் 18 சதவீதமும் சைபர்தான். ஈரமில்லாத கரிசலில் விதை முளைக்காது. மேகமில்லாத வானத்தில் உப்பும் முளைக்காது. வறட்சி முற்றிய பிறகு விமானத்தைக் கூப்பிடுவதில் உள்ள சங்கடம் இதுதான்.

ஆகவே, விமானம் வந்தால் வரட்டும். அதற்காகக் காத்திருந்து கோடை உழவைத் தள்ளிப் போடாதீர்கள். சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். வரப்பை உயர்த்துங்கள். இடமிருந்தால் பண்ணைக்குட்டை வெட்டுங்கள். கண்மாய்க்கு வரும் ஓடையை ஊர்கூடிச் சுத்தம் செய்யுங்கள். தானாகப் பெய்தாலும், தூவிப் பெய்தாலும், பிடித்து வைத்த மழைதான் நம் மழை.