கட்டுச்சோறும் தவக்குலும்

யமன் நாட்டாரிற் சிலர் முற்காலத்தில் கட்டுச்சோறு இன்றியே ஹஜ்ஜுக்குப் புறப்படுவர். தாங்கள் அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்தவர்கள் என்று சொல்லிக்கொள்வர். மக்காவை அடைந்ததும் மக்களிடம் கையேந்துவர். பயணத்துக்கு வேண்டியதைச் சேகரித்துக்கொள்ளுமாறு பணிக்கும் சூரத்துல் பகராவின் 197ஆம் வசனம் இவர்கள் விஷயமாகவே இறங்கிற்று என இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்ததை இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். அவ்வசனம் தொடர்ந்து தக்வாவைச் சிறப்பித்துக் கூறுவதை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அதற்கு முன் வரும் பகுதி வயிற்றுக்கான சோற்றைப் பற்றியது என்பது பலர் நினைவில் நிற்பதில்லை.

பிக்ஹு நூல்கள் அதனை மறக்கவில்லை. 1277இல் வபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ ஷாபியீ மத்ஹபின் தலையாய நூல்களுள் ஒன்று. ஹஜ்ஜு கடமையாவதற்கு உணவு மட்டும் போதாது, அதை வைத்துக்கொள்ளும் பாத்திரங்களும் வேண்டும் என்கிறது அது. போகும் செலவோடு திரும்பும் செலவும் இருக்க வேண்டும். இவையெல்லாம் கடனுக்கும், வீட்டார் போகவர ஆகும் காலமெல்லாம் உண்டு உடுப்பதற்கும் ஒதுக்கியது போக எஞ்சியிருக்க வேண்டும். தவணை வராத கடனையும் உரையாசிரியர்கள் இக்கணக்கில் சேர்ப்பர். கடற்பயணத்தையும் அந்நூல் விடவில்லை. பத்திரமாகப் போய்ச்சேரும் வாய்ப்பு மிகுந்திருந்தால் கப்பலேறுவது கடமை என்பதே அதில் வலுவான சொல். கடமையாகாத ஏழை எப்படியோ போய் நிறைவேற்றினால் அவர் ஹஜ்ஜு கூடிவிடும் என்பதும் உண்மை. வரலாற்றில் எழுந்த சிக்கல் இந்த இடத்திலேதான்.

1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1871இல் சென்னையையும் பம்பாயையும் இருப்புப்பாதை இணைத்தது. பாய்க்கப்பலின் இடத்தை நீராவிக் கப்பல் பிடித்ததும், ஒருவழிக் கூலியை மட்டும் திரட்டிக்கொண்டு பம்பாய்த் துறைமுகத்துக்கு வருவோர் பெருகினர். ஹஜ்ஜு முடிந்ததும் இவர்களில் பலர் ஜித்தா தெருக்களில் திரும்பும் கூலியின்றிப் பட்டினி கிடந்தனர். பதிலின்றி நின்ற பழைய யமனியரின் நிலை மீண்டும் வந்தது, தொகைதான் பெருகியிருந்தது. மத விவகாரத்தில் தலையிடுவதில்லை என 1858இல் விக்டோரியா ராணியின் பிரகடனம் கூறியிருந்தமையால், முன்பணம் கேட்க ஆங்கில அரசு நெடுங்காலம் தயங்கிற்று. 1886இல் ஹஜ்ஜுப் பயண ஏற்பாட்டைத் தாமஸ் குக் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 1893இல் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. திரும்பும் சீட்டோ அதற்கீடான முன்பணமோ இருக்கவேண்டும் என்ற சட்டம் 1920களில்தான் வந்தது.

ஏழைக்கு ஹஜ்ஜின் வாசலை அடைக்கும் சட்டம் என்று அதனை எதிர்த்தவர்கள் உண்டு. ஹரமிலேயே தங்கி அங்கேயே மண்ணோடு மண்ணாகிவிட விரும்புவோரிடம் திரும்பும் சீட்டு ஏன் கேட்க வேண்டும் என்றும் வாதம் எழுந்தது. பின்னதைப் புறந்தள்ளுவதற்கில்லை. ஊரில் குடும்பமும் சுற்றமும் இல்லாதவருக்குத் திரும்பும் செலவு நிபந்தனையன்று என்றொரு சொல்லை, வலுக்குறைந்ததாகவேனும், மின்ஹாஜே எடுத்துரைக்கிறது. ஆங்கிலேயரின் நோக்கம் நம் மார்க்க நன்மை என்று நான் சொல்ல வரவில்லை. காலராப் பயமும், அநாதரவானோரை அரசுச் செலவில் ஊர் சேர்க்கும் தொல்லையும் அவர்களுக்கு இருந்தன. எனினும், அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் இமாம்கள் எழுதிவைத்ததை அந்நிய அரசு சட்டமாக்கியபின் கேட்க நேர்ந்ததே என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஊருக்கு ஊர் நாம் அதனை முன்னரே எடுத்துச் சொல்லியிருந்தால் ஜித்தாவில் பசித்துக் கிடந்தோர் அத்தனை பேராக இருந்திருக்க மாட்டார்கள்.

பெரும்பாலோர் ஒழுங்காகவே புறப்பட்டனர் என்பதையும் சொல்ல வேண்டும். கப்பலின் தளத்தில் பயணிகள் தாமே சமைத்துண்ட காலம் அது. அரிசி, பருப்பு, புளி, ஊறுகாய், அடுப்பு, சட்டிபானை எல்லாம் மூட்டையில் ஏறும். செங்கடலின் கமரான் தீவில் 1882 முதல் நோய்த்தடுப்புக்காக இறக்கி நிறுத்தி வைப்பார்கள்; அந்த நாட்களுக்கும் சேர்த்தே அரிசி அளக்க வேண்டும். கபன் துணியும் உடன் வரும். வழியில் மவுத்தானால் அது உதவும். இல்லையேல் ஜம்ஜம் நீரில் நனைத்து ஊருக்குக் கொண்டுவரலாம். புறப்படுமுன் வீடுவீடாகச் சென்று கொடுக்கல் வாங்கலைத் தீர்த்து, அமானிதங்களை ஒப்படைத்து, பொறுப்புக் கேட்டு, வஸிய்யத்து எழுதிவைப்பர். இவற்றுட் பலவற்றை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘இஹ்யா’வில் பயண ஒழுக்கமாகவே சொல்லியிருக்கிறார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் பணத்தைக் கொண்டுசெல்லும் முறையும் மாறிற்று. 1959இல் ரிசர்வ் வங்கி ஹாஜிகளுக்கென்றே 10 ரூபாய், 100 ரூபாய் நோட்டுகளைத் தனியே வெளியிட்டது. 1995இல் பம்பாய்க் கப்பல் பயணமும் நின்று, எல்லோரும் விமானம் ஏறலாயினர். மின்ஹாஜ் கூறும் பாத்திரங்களுக்கு அத்துடன் வேலையில்லாமற் போயிற்று. கடனைப் பற்றிய நிபந்தனை அப்படியே இருக்கிறது. ஹஜ்ஜுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன், துஆச் செய்யுங்கள் என்று வருவோரிடம் முதலில் அதைத்தான் கேட்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள்.